அளவான மனுசரும் இரண்டு இஞ்சி மிசினும்

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டுமென்றால் "அளவான மனுசன்" என்பார்கள். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பவர்களும் சுற்றிச்சுற்றி அதைத்தான் கேட்பார்கள். கதை அளவோ, செலவு அளவோ, குடி இருந்தாலும் அளவோ? செத்தவீட்டுப் பந்தலுக்குள் கதிரை போட்டு இருந்து கதைக்கும்போதும் போனவருக்கு அந்தச் சான்றிதழ்தான் கிடைக்கும். உயிரோடு இருந்த காலத்தில் அதே மனிதரைக் கஞ்சப் பிசினாறி என்று திட்டியவர்களே அதைக் கொடுப்பார்கள்.

இந்தச் சான்றிதழை ஒரு முழுத் தலைமுறைக்கும் ஒட்டுமொத்தமாகக் கொடுக்கிற பழக்கமும் எங்களிடம் உண்டு. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா, கோயில் பிரசங்கம், முதியோர் தினக் கூட்டம், எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "எங்கட அப்பு ஆச்சிமார் அளவோடை வாழ்ந்தவை, நாங்கள்தான் கெட்டுப்போனம்" என்று தொடங்குவார். முன்வரிசை தலையாட்டும். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு சந்தேகம். அப்பு ஆச்சிமாருக்கு ஆசை குறைவாக இருந்தது என்று நான் நம்பவில்லை. ஒரு முழ வேலிக்காக அவர்கள் கோட்டுக்கு அலைந்த அலைச்சலைக் கேட்டவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் கையில் இருந்த சாமான்கள் ஓர் இடத்துக்கு மேல் போகவிடாது, அவ்வளவுதான். சாமான் மாறியதும் அதே ஊர், பல இடங்களில் அதே ஆட்களே, அளவை விட்டார்கள்.

இதை வேறு எதையும்விடத் தண்ணீரில் தெளிவாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை இழுத்துக்கொண்டு அராலிப் பக்கம் போய்க் கடல்நீரேரியில் விழும். மாரி முடிந்தால் அதற்குள் மாடு கட்டலாம். வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

அந்தக் கிணற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், பரீட்சையோடு மறந்திருப்போம். குடாநாட்டின் அடி முழுக்கச் சுண்ணாம்புக் கல். பொந்தும் வெடிப்பும் நிறைந்த கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே பரந்திருக்கிற கடல் நீருக்கு மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிந்த மாதிரி மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல் நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 25 கிராம் பாரம் கூட. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எங்கள் சீவியம் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபென் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோசமான கணக்கு. திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் வயிறு கலங்கும்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். பொந்துக் கல்லில் கணக்கு அச்சொட்டாக இராது, ஒரே நாளிலும் நடக்காது. ஆனாலும் போக்கு அதுதான்.

நவக்கிரியில் இருக்கிற நிலாவரைக் கிணற்றைப் பார்க்கக் கொழும்பில் இருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள். இராமர் அம்பு விட்டுத் தாகம் தீர்த்த கிணறு, அடி இல்லாத கிணறு என்று கதை சொல்லி, எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பதுதான் அதில் பார்க்க வேண்டிய விசயம். நிலாவரையில் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் வளவுக் கிணறுகளுக்கு அடியிலும் உள்ளது அதே அடுக்குத்தான். ஆழமாகத் தோண்டினால் கூடுதலாகத் தண்ணீர் வரும் என்பது வன்னியில் சரியாக இருக்கலாம். இங்கே ஆழமாகத் தோண்டுவது உப்பைத் தேடிப்போவது.

சரி, இப்படி ஆடை மாதிரிக் கிடந்த தண்ணீரை வைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்து, பிள்ளைகளையும் படிப்பித்து, அதைக் கெடாமல் எங்கள் தலைமுறை வரை எப்படிக் கொண்டுவந்தார்கள்? இங்கேதான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா வருகிறது.

இருபது வயதுக்காரருக்குத் துலா என்றால் கோயில் கிணற்றிலோ அருங்காட்சியகத்திலோ பார்த்த ஒரு மரம். வீட்டுக் கிணற்றுத் துலா சின்னது, ஒருவர் கையாலேயே இழுத்து அள்ளலாம். நான் சொல்வது தோட்டத்து மிதிதுலா. நிலத்தில் நட்ட இரண்டு ஆடுகாலுக்கு நடுவில் குறுக்கே அச்சுலக்கை. அதன்மேல் நீண்ட துலா மரம். மரத்தின் நுனியில் இருந்து கிணற்றுக்குள் தொங்குகிற துலாக்கொடி. கொடியின் அடியில் பட்டை. பட்டை முந்தி பனையோலையில் இழைத்தது, பிறகு தகரத்தில் வந்தது. ஒருவர், பெரிய துலா என்றால் இரண்டு மூன்று பேர், மரத்தின்மேல் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார்கள். முன்னுக்கு வர நுனி தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் போகும். பின்னுக்கு நடக்க அது நிரம்பி மேலே வரும். கிணற்று வாயில் நிற்கிறவர் கொடியைப் பிடித்துப் பட்டையைத் தொட்டிக்குள் சரிப்பார். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிரம்ப வரம்பை அடைத்து, அடுத்த பாத்தியை வெட்டித் திறப்பார். இதற்குத் தண்ணி மாறுறது என்று பெயர். மிதிக்கிறவரைவிடத் தண்ணி மாறுகிறவருக்குத்தான் மூளை வேண்டும் என்று அப்பப்பா சொல்வார். அவர் தண்ணி மாறியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விடியப்புறம் தொடங்குவார்கள். வெயில் ஏற நிறுத்துவார்கள். ஏன் நிறுத்தினார்கள்? கிணற்றுக்குக் கெடுதல் என்றா? கால் சோர்ந்துவிடும், வயிறு பசிக்கும், மரத்தில் நடக்கிறவருக்குத் தலை சுற்றினால் கிணற்றுக்குள் போகவேண்டியதுதான். அதற்குப் பிறகு கிணறு பகல் முழுக்கவும் இரவு முழுக்கவும் சும்மா கிடந்து ஊறும். அடுத்த நாள் விடிய, தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்திருக்கும். தோட்டமும் துலாவால் இறைத்து முடிக்கக்கூடிய அளவுதான் இருக்கும். கூடுதலாக நட்டால் வாடிப்போகும், எனவே நடமாட்டார்கள். எவ்வளவு நடுவது, எவ்வளவு நேரம் இறைப்பது, கிணறு எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எல்லாவற்றையும் மூன்று மனிதரின் கால் கைகளே முடிவு செய்துவிட்டன. யாரும் உட்கார்ந்து நிலத்தடி நீரைப் பற்றி யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

அளவை மீறவிடாமல் மறிக்க இன்னொரு கட்டையும் இருந்தது, பலர் பங்கு போட்டு இறைக்கிற பங்குக் கிணறு. செம்மண் தோட்டக்காணிகளின் பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, எடுத்துப் பாருங்கள். எத்தனை பரப்பு, நாற்திசை எல்லை என்பவற்றோடு, கிணற்றில் எத்தனையில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருக்கும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றெல்லாம் பங்கு போகும். பங்குக்குத் தகுந்தபடி நாள். இன்று உன் நாள், நாளை என் நாள். உன் நாளில் நான் இறைத்தால் மண்வெட்டிப் பிடியால் அடி விழும், பிறகு வழக்கு. தாகத்தைவிட உறுதி பெரிது.

இந்தப் பழைய அளவைப் புகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. துலா மிதித்த கால்கள் பெரும்பாலும் யாருடையவை? கிணற்றில் பங்கு எழுதாதவர்களுடையவை. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நாள் முழுக்க இறைத்துக் கொடுத்த கிணற்றில் அவர்கள் தங்கள் குடத்தைப் போட்டு அள்ள முடியாது. கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு நின்று, அள்ளி ஊற்ற மனம் வைக்கிற ஒருவருக்காகக் காத்திருக்கவேண்டும். நல்ல தண்ணீர்க் கிணறு பக்கத்திலேயே இருக்க, உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். சாதியைச் சொல்லி மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. வந்த பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போவதற்குப் போராட வேண்டியிருந்தது. கிணறுகள் திறந்த கதை ஊருக்கு ஊர் வேறு, சில ஊர்களில் வெகு பிந்தித்தான். மைக்கைப் பிடித்து அப்பு ஆச்சிமாரின் அளவைப் பற்றிப் பேசுகிறவர் இதையும் சேர்த்துப் பேசினால் நானும் தலையாட்டத் தயார். அடுத்தவன் வாய்க்கு அளவு வைத்ததும் அந்தக் காலத்து அளவில் சேர்த்திதான்.

பிறகு மிசின் வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசின் தோட்டத்துக்குத் தோட்டம் போனது. துலா மிதிக்க ஆள் தேடத் தேவையில்லை, கூலி இல்லை, கெஞ்சல் இல்லை. மிதித்துத் தேய்ந்த கால்களுக்கு அது விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. 1970இல் இருந்து 77 வரை சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்திவைத்த காலத்தில் குடாநாட்டுத் தோட்டக்காரருக்குக் கைநிறையக் காசு. புன்னாலைக்கட்டுவனிலும் உரும்பிராயிலும் நீர்வேலியிலும் அந்தக் காசில் எழும்பின கல்வீடுகள் இப்போதும் நிற்கின்றன. மிளகாய் விலை ஏற ஏற இறைப்பும் ஏறியது. 77க்குப் பிறகு கதவு திறந்து இறக்குமதிச் சாமான் வந்து விலை விழுந்தது. மிசின் மட்டும் நின்றது.

இரண்டு இஞ்சி மிசின் ஒன்றின் பெட்டியைப் பார்த்தால் நிமிடத்துக்கு 500 லீற்றர் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கும். எங்கள் கிணற்று ஆழத்துக்கும் பழசான வால்வுக்கும் அவ்வளவு வராது. பாதி வந்தாலும் காணும். அதற்குக் கால் நோகாது, வெயில் சுடாது. எண்ணெய் இருக்கும்வரை ஓடும். வாய்க்காலும் பாத்தியும் மட்டும் துலாக் காலத்து வாய்க்கால் பாத்திதான். முந்தி பாத்தி நிரம்ப எடுத்த நேரத்தில் இப்போது நாலைந்து பாத்தி நிரம்பி வரம்பு உடைத்துப் போகும். தண்ணி மாறுகிறவர் கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றால் இன்னும் கூட.

கோண்டாவிலில் வெங்காயம் செய்கிற ஒரு அண்ணையோடு ஒருமுறை வரம்பில் நின்று கதைத்தேன். வெங்காயத்துக்கு இவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "அப்ப ஏன் அண்ணை?" என்றேன். "தம்பி, நான் மிசினை நிப்பாட்டினால் என்ரை தண்ணி எனக்கு மிஞ்சும் எண்டு நினைக்கிறியோ? மேலை மதில் கட்டலாம். கீழை கட்டேலுமே? நான் விட்டதை அங்காலை உள்ளவன் இறைப்பான்." பிழை சொல்ல முடியாத பதில். ஒவ்வொருவரும் தன்னளவில் சரியாக நடந்து எல்லோருமாகச் சேர்ந்து கிணற்றைச் சவராக்குகிற கணக்கு இது. கரையோரத்துக் கிணறுகளில் இந்தக் கணக்கின் விடை எப்போதோ வந்துவிட்டது. தீவகத்தில் சொல்லவே தேவையில்லை. கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் நாளைப் பார்த்து வாளியை வரிசையில் வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீரியல் தெரிந்த யாராவது என்னைப் பிடித்துவிடுவார். இறைத்த தண்ணீர் எல்லாம் தொலைந்துபோவதில்லை. பயிர் குடித்ததும் வெயில் குடித்ததும் போக, மிச்சம் திரும்ப மண்ணுக்குள்தான் இறங்குகிறது. வீட்டில் பாவிக்கிற தண்ணீரில் பெரும்பகுதியும் மலக்குழி, கழிவுக்குழி வழியே அதே கல்லுக்குள் போகிறது. எனவே வீட்டில் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக் குளித்ததால் குடாநாடு வறண்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. போகும்போது எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதில்தான் பயம். தோட்டத்தில் இருந்து யூரியா, வீட்டில் இருந்து மலக்குழி. இரண்டும் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கு வருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போத்தலில் பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு அது இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவதைக் குழப்பி, உடம்பை நீலம்பாரிக்க வைக்கும். செம்மண் தோட்டப் பகுதிக் கிணறுகளில் அந்த எல்லையைத் தாண்டியவை இருப்பதை இங்கே செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதிகமாக இறைத்தால் உப்பு, அதிகமாக உரம் போட்டு அதிகமாக இறைத்தால் நைத்திரேற்று. இரண்டு பரப்புக் காணிக்குள் கிணறும் மலக்குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மிச்சத்தைச் சொல்லவே தேவையில்லை.

அளவு என்பதைத் தட்டுப்பாட்டோடு போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு. தொண்ணூறுகளைக் காட்டி, "அப்ப எப்பிடிச் சிக்கனமா இருந்தம்" என்பார்கள். இருந்தோம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்க மின்சாரம் போனது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஜாம் போத்தல் விளக்கு அந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு. போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் நூல் மாதிரி ஒரு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மெல்லத்தான் இறங்கும். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் படுத்துக்கிடந்து சோதனைக்குப் படித்தோம். கையெழுத்து விளங்காவிட்டால் புத்தகத்தைத்தான் கிட்டக் கொண்டுபோக வேண்டும், திரியைத் தூண்டினால் அம்மா கையில் அடிப்பார். உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களி. பிளேன் ரீக்குச் சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் உதைத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. மிசினுக்கு எண்ணெய் இல்லாமல் பரணில் கிடந்த துலாவை இறக்கினவர்களும் இருந்தார்கள்.

அதில் பண்பு எங்கே இருந்தது? கழுத்தை நெரித்தால் மூச்சும் அளவாகத்தான் வரும். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை திறந்தது, 2009க்குப் பிறகு எல்லாமே வந்தது. போத்தல் மூடியால் எண்ணெய் அளந்த அதே கைகள் என்ன செய்தன என்று பார்த்தோமே. சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் கமரா, அந்தியேட்டிக்கு எட்டு மரக்கறி பத்து மரக்கறி, கோயில் திருவிழாவுக்குச் சந்திக்குச் சந்தி ஒலிபெருக்கி. வெளிநாட்டுக் காசு என்று வெளிநாட்டில் உள்ளவர்களைத் திட்டுவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அவர்கள் அனுப்பினது காசைத்தான், ஒலிபெருக்கியை அல்ல. தட்டுப்பாட்டில் கற்றது தட்டுப்பாட்டோடு போய்விட்டது. எங்கள் அம்மா போல ஒரு சிலருக்கு மட்டும் அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. அரிசி கழுவின தண்ணீர் இன்றைக்கும் தேசிக்கன்றுக்குத்தான் போகிறது. கடையில் வந்த சொப்பிங் பை ஒவ்வொன்றும் மடித்து முக்கோணமாகி லாச்சிக்குள் கிடக்கிறது. அதே அம்மா மோட்டரைப் போட்டுவிட்டு ரீவி நாடகத்தில் இருந்தால், ராங்க் நிரம்பி வழிந்து சுவரால் ஓடுவது பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டுச் சொல்லும்வரை தெரியாது. வாளியால் அள்ளின காலத்தில் அப்படி வழிய வாய்ப்பே இல்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் நேரே வாழைக்குப் போகும்.

கள்ளும் அப்படித்தான், இது வேறு கதை என்றாலும். விடிய இறக்கின பனங்கள்ளு பின்னேரத்துக்குள் புளித்துக் கடுத்துவிடும். அலுமாரியில் அடுக்கிவைத்து நினைத்த நேரம் குடிக்க முடியாது, சித்திரை வைகாசி தாண்டினால் கள்ளும் குறைந்துவிடும். தவறணைக்குப் போய் ஒரு பிளாவில் குடித்து வந்தவர்களை எல்லாம் ஒழுக்கசீலர் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே விழுந்து கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். போத்தலில் அடைத்துக் குளிரூட்டியில் வைத்த பியருக்குப் பருவமும் இல்லை, நேரமும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அண்மையில் ஒரு கட்டை திடீரென்று விழுந்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, துண்டுப்பிரசுரம் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மிசின் சத்தம் சட்டென்று குறைந்தது. பாத்தி நிரம்பக் காத்திராமல் முக்கால் பாத்தியில் மாறினார்கள். தூவல் முறை, சொட்டு நீர் என்று விவசாயத் திணைக்களத்தார் நெடுங்காலம் சொல்லியும் கேளாதவர்கள் தூவல் குழாய் விலை விசாரித்தார்கள். கடன்பட்டு நொந்தவர்களும் தோட்டத்தைத் தரிசாக விட்டவர்களும் உண்டு. விலையைக் கட்டையாக்கினால் அது முதலில் ஏழையின் காலில்தான் விழும். இயன்றவர்கள் மின்சார மோட்டருக்கு மாறினார்கள். இப்போது சூரிய ஒளியில் ஓடுகிற பம்ப் வந்திருக்கிறது. போட்ட முதலுக்குப் பிறகு எண்ணெயும் இல்லை, பில்லும் இல்லை. வெயில் உள்ளவரை ஓடும், யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? புகை இல்லை, சத்தம் இல்லை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தமில்லாததுதான் யோசனை. முந்தி பக்கத்துத் தோட்டக்காரன் எவ்வளவு நேரம் இறைக்கிறான் என்று காதால் கணக்கு வைக்கலாம்.

தண்ணீரை வெளியில் இருந்து கொண்டுவரலாம் என்ற யோசனை புதிது அல்ல. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று திட்டம் போட்டார். கனகராயன் ஆறு கொண்டுவருகிற நன்னீரை ஆனையிறவு நீரேரியில் மறித்து, வடமராட்சி, உப்பாறு நீரேரிகளுக்கு விட்டு, அவற்றை மெல்ல மெல்ல நன்னீராக்கி, கிணறுகளை ஊறவைக்கிற யோசனை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டினார்கள்; முழுத்திட்டம் முடியவில்லை. பிறகு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரப் பார்த்தார்கள். கிளிநொச்சி விவசாயிகள் விடமாட்டோம் என்றார்கள். அவர்களில் நான் பிழை காணவில்லை. தன் கிணற்றுக்கு அளவு வைக்காதவன் அடுத்தவன் குளத்தில் வாளி போட்டால் யார் விடுவார்? இப்போது தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்திருக்கிறார்கள். குடிக்க அது நல்ல வழி. தோட்டத்துக்கு இறைக்க அந்தத் தண்ணீர் கட்டாது. தோட்டம் திரும்பக் கிணற்றடிக்குத்தான் வரவேண்டும்.

மனிதரைத் திருத்துவதைவிடச் சாமானைத் திருத்துவது சுலபம் என்பது என் கட்சி. மோட்டரில் நேரம் பார்த்து நிறுத்துகிற சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டலாம். ராங்குக்கு மிதவை ஆளி போடலாம். சூரியப் பம்ப்புக்கு மானியம் கொடுக்கிறவர்கள் கூடவே தூவல் குழாயையும் கட்டாயம் என்று வைத்துக் கொடுக்கலாம். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துக் கிணற்றுக்கோ குழிக்கோ இறக்கலாம். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன, பல குளங்கள் குப்பை கொட்டி மேடாகிவிட்டன. தூர்வாரினால் மாரித் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் இறங்க இடம் கிடைக்கும். கிணற்றுக்கு மீற்றர் பூட்டுவது பற்றி யாராவது பேசினால் அவர் அடுத்த தேர்தலில் கட்டுக்காசும் இழப்பார், அதை விடுவோம்.

பழைய பங்கு முறை எங்கேயாவது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அம்மா வழியில் உரும்பிராயில் எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு உண்டு. நாலு பங்காளிகள், ஒரே மோட்டர், நாள் முறை. ஒரு பங்காளி ரொறன்ரோவில். அவருடைய காணி பற்றையாகிக் கிடக்கிறது, அவருடைய நாள் மட்டும் வாரத்தில் தவறாமல் வருகிறது. அந்த நாளில் இறைக்கலாமா கூடாதா என்பதுதான் வருடக்கணக்காகச் சண்டை. பெரியப்பா கூடாது என்கிறார்: "அவன்ரை நாளிலை கிணறு கிடந்து ஊறட்டும்." மற்றப் பங்காளிக்கு அது விசர்க் கதை. "சும்மா கிடக்கிற தண்ணியை என்ன செய்யிறது? கனடாவுக்கு அனுப்பிறதோ?"

ரொறன்ரோக்காரருக்குத் தண்ணீரில் அக்கறை இல்லை. பத்து வருடம் வேறு ஆள் பாவித்தால் ஆட்சி உரிமை கேட்டுவிடுவான் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்: "என்ரை நாளிலை ஒருத்தரும் மோட்டரிலை கை வைக்கக்கூடாது." மோட்டர் அறைக்கு அவர் பெயரில் ஒரு பூட்டும் தொங்குகிறது. திறப்பு பெரியப்பாவிடம்.

சுற்றவர உள்ள கிணறுகளோடு பார்க்கும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் வாயில் வைக்கக்கூடியதாக இருக்கிறது. அதற்குக் காரணம் அந்த ஒரு நாள் ஓய்வுதான் என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். பக்கத்துக் காணிகள் பற்றையாகி உரம் போடாமல் கிடப்பதும் காரணமாக இருக்கலாம் என்று நான் சொன்னால், "நீ படிச்சனி, அப்பிடித்தான் சொல்லுவாய்" என்பார். மற்றப் பங்காளி போன மாதம் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். கடிதம் வந்த அன்றைக்கே பெரியப்பா உறுதியை உறையில் போட்டு எடுத்துவைத்துவிட்டார். ரொறன்ரோவுக்கும் நேரம் பார்த்து வீடியோ அழைப்பில் வரச்சொல்லி அறிவித்தாயிற்று. அதுவரை திறப்பு பெரியப்பாவின் இடுப்பில்தான்.